வீட்டுக்குள் நாயைப் படமெடுக்க: ஜன்னலா, விளக்கா, லென்ஸா?

ராத்திரி எட்டு மணி. ஹாலில் ஒற்றை டியூப் லைட். சோபாவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கருப்பு நாய் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. போனை நீட்டி அமுக்கினால், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழி, வால் இருக்கும் இடத்தில் புகைபோல ஒரு தீற்றல், ரோமமெல்லாம் கரைந்துபோன சாம்பல் திட்டு. இதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "எந்தப் போன் வாங்கினால் சரியாகும்?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு, ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் எந்த வெளிச்சம், பிறகு லென்ஸில் ஒளி நுழையும் எந்தத் துளையளவு, அதற்கப்புறம்தான் எந்தக் கருவி. வரிசையை மாற்றிச் செலவழிக்கிறவர்கள் ஐம்பதாயிரம் ரூபாய் போட்ட பிறகும் அதே புகைத் தீற்றலைத்தான் எடுக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று தரைமட்டத்தில் தருவது ஏறத்தாழ 150 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அசையாமல் படுத்திருக்கும் நாய்க்கு 1/125 விநாடி ஷட்டர் வேகம் போதும். காதை நிமிர்த்தி, தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் நாய்க்கு 1/250 வேண்டும். பந்தைத் துரத்தினால் 1/500, உடம்பை உதறினால் 1/1000. அந்த 150 லக்ஸில் 1/250 வைத்தால், எஃப் 1.8 லென்ஸுக்கு (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், சுமார் 1,250 வரை போக வேண்டியிருக்கும்; அது ஏற ஏறப் படத்தில் புள்ளி கூடும். கேமராவோடு இலவசமாக வரும் 18–55 ஜூம் லென்ஸை 55-க்கு இழுத்தால் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். அப்போது அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 12,500. அதே நாய் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் 1,000 லக்ஸ் தாராளமாகக் கிடைக்கும், எஃப் 1.8-இல் ஐஎஸ்ஓ 200 போதும். இடத்தை மாற்றியதற்கு ஒரு பைசா செலவில்லை.

டியூப் லைட்டுக்கு இன்னொரு குறை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த டியூபும் மலிவு எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும்: படத்தின் குறுக்கே மங்கலும் பளிச்சுமாகப் பட்டைகள் விழும். 1/100, 1/50 போன்ற வேகங்களில் பட்டை வராது, ஏனென்றால் ஒரு முழு ஏற்றயிறக்கம் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். நாய்க்கு 1/250 வேண்டும், விளக்குக்கோ 1/100 வேண்டும். இந்த இழுபறியில் எந்த விலைக் கேமராவும் முழுசாக ஜெயிப்பதில்லை. ராத்திரி டியூப் வெளிச்சத்தை நம்பிப் படமெடுப்பதை இந்த ஒப்பீட்டிலிருந்தே நான் விலக்கிவிடுவேன். தூங்கும் நாயை 1/100-இல் எடுப்பதற்கு மட்டும் அது ஆகும்.

ஜன்னல்

பகலில் வீட்டில் இருக்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மூன்று விஷயம் கெடுக்கும்.

ஒன்று, நேர் வெயில். நம் ஜன்னல்களில் கம்பி இருப்பதால் வெயில் நேராக விழும்போது நாயின் மேல் வரிவரியாக நிழல் படியும், வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும். வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கம்பியில் கட்டிவிடுங்கள். வெளிச்சம் பாதியாகக் குறையும், அதற்கு ஈடாக ஜன்னல் முழுவதும் ஒரே பெரிய மென்மையான விளக்காகிவிடும். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயிலே வராது என்று வெளிநாட்டுக் கையேடுகள் எழுதுவது அவர்களுடைய ஊர்களுக்கான பேச்சு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடுப்பகல் சூரியனே தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் வேட்டி தேவைப்படும்.

இரண்டு, கலப்பு வெளிச்சம். ஜன்னல் ஒளி நீலம் கலந்தது, மஞ்சள் பல்பு ஆரஞ்சு கலந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் நாயின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள் ஆகிவிடும். வெள்ளை ராஜபாளையம் நாயில் இது முகத்தில் அறைகிற மாதிரி தெரியும். எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். பகலில் எடுக்கும்போது வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். இருட்டாகுமே என்று பயந்து டியூபையும் போட்டுவிடுவதுதான் பரவலாக நடக்கிற தவறு.

மூன்று, தரையும் சுவரும். ரெட் ஆக்ஸைடு தரை வெள்ளை நாயின் வயிற்றிலும் தாடைக்கு அடியிலும் சிவப்புச் சாயம் ஏற்றும். பச்சைப் பெயின்ட் சுவர் மூக்கின் ஓரத்தில் பச்சை பூசும். வெளிர் நிறப் போர்வையையோ ஜமுக்காளத்தையோ விரித்து அதன்மேல் உட்கார வையுங்கள். வழுக்கும் டைல்ஸில் கால் பரப்பி நிற்கிற நாய்க்குப் பிடிமானமும் கிடைக்கும். முகத்தில் அந்தப் பதற்றம் குறையும்.

ஜன்னல் நாய்க்கு ஒரு பக்கத்தில் இருக்கட்டும், முகம் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கட்டும். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். சினிமா ஷூட்டிங்குகளில் நடிகர் முகத்துக்குப் பிடிப்பார்களே, அதே வேலைதான். கருப்பு நாயின் நிழல் பக்கத்தில் ரோமம் ரோமமாகத் தெரிய வைப்பது இந்த அட்டைதான். அட்டையை நாய்க்கு முந்தின நாளே காட்டி மோந்து பார்க்க விட்டுவிடுங்கள். புதிதாக அசைகிற வெள்ளைப் பலகைக்குப் பல நாய்கள் மிரளும்.

எடுத்த படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரியாக அமைந்திருந்தால் கருவிழியின் மேல் பாதியில், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில், குட்டியாக ஒரு ஜன்னல் தெரியும். கம்பிகள்கூட எண்ணலாம். அதற்குக் கீழே தேன் நிறத்தில் விழிப்படலம் ஒளிவிடும். அந்தக் குட்டி ஜன்னல் இல்லையென்றால் எவ்வளவு விலைக் கேமராவில் எடுத்தாலும் கண் செத்ததாகத் தெரியும். நாயின் முகத்தை ஓர் அங்குலம் மேலே தூக்க வைத்தால் பெரும்பாலும் அது வந்துவிடும்.

ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது என்றால்

வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி: எப்போதும் எரியும் எல்இடி விளக்கு, அல்லது கூரையில் மோதவிடும் ஃபிளாஷ்.

எல்இடியில் முதலில் தள்ள வேண்டியது ரிங் லைட். நாயின் கண்ணில் வெள்ளை வளையம் விழுந்து பொம்மைக் கண் ஆகிவிடும், யுஎஸ்பியில் ஓடும் பத்து அங்குல வளையத்துக்கு வெளிச்சமும் போதாது. உள்ளங்கை அளவு பேனல்களும் ஏமாற்றும்: பெட்டியில் போட்டிருக்கும் லக்ஸ் கணக்கு பெரும்பாலும் அரை மீட்டர் தூரத்துக்கு. ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் அது காலாகக் குறையும், மேலே துணி போட்டு மென்மையாக்கினால் இன்னும் பாதி. நாய்க்குப் பயன்படுவது 60 வாட் அளவிலான வீடியோ விளக்கு, அதன் முன்னே ஒரு சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) அல்லது நம் பழைய வேட்டி. நாயின் கண்மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே, 45 டிகிரி பக்கவாட்டில் வைக்கலாம். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்) 95-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். குறைந்த சிஆர்ஐ விளக்கில் சிவப்பு செத்துப்போகும், செம்பழுப்பு கோம்பை நாய் சேறு பூசியதுபோல் வரும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். போன் கேமராவை ப்ரோ மோடில் 1/1000-க்கு வைத்து, அந்த விளக்கு விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். திரையில் பட்டை ஓடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த விளக்கின் பெரிய பலம், நாய் பழகிக்கொள்ளும் என்பது. பத்து நிமிடம் எரியவிட்டால் அதை மறந்துவிடும். போனிலும் கேமராவிலும் ஒன்றுபோல வேலை செய்யும். வீடியோவுக்கும் ஆகும்.

ஃபிளாஷின் பலம் வேறு. ஒளி வெடிக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அளவுதான், அதனால் பாயும் நாயையும் உறைய வைத்துவிடும். கேமராவின் மேல் மாட்டும் தனி ஃபிளாஷ் வேண்டும், தலை திருப்பக்கூடியதாக. கேமராவோடு ஒட்டிப் பிறந்த ஃபிளாஷை நேராக அடித்தால் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருட்டில் பார்ப்பதற்காகவே இருக்கிறது. லென்ஸுக்கு மிக அருகிலிருந்து நேராகப் போன ஒளி நேராகவே திரும்பி வருகிறது. மனிதருக்கான சிவப்புக்கண் நீக்கி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது சிவப்பைத்தான் தேடும்.

கூரை வெள்ளையாக, பத்தடி உயரத்தில் இருந்தால் இப்படித் தொடங்குங்கள்: மேனுவல் மோடு, 1/200, எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் சக்தி 1/4. ஃபிளாஷ் தலையை நேர் மேலே திருப்பாமல், உங்களுக்குப் பின்னால் சாயும்படி வையுங்கள். நேர் மேலே அடித்தால் நெற்றிக்கு அடியில் கண் இருட்டாகிவிடும். சீலிங் ஃபேனைக் கவனியுங்கள். ஒளி அதன் இறக்கையில் மோதினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வெளிச்சம் மாறும், கூரையில் இறக்கை நிழல் விழும். ஃபேனை விட்டு நான்கடி தள்ளி நில்லுங்கள். மரக்கூரை, ஓட்டு வீடு, கலர் ஃபால்ஸ் சீலிங் என்றால் கூரையை மறந்துவிட்டுப் பின்பக்க வெள்ளைச் சுவரில் அடிக்கலாம்.

இரண்டில் எது? நாய் தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிற ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமென்றால் எல்இடிதான். திடீர் ஒளியும் ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது எழும் மெல்லிய கீச்சொலியும் அந்த நாய்க்குத் தாங்காது. வலிப்பு நோய் உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். துறுதுறுவென்று ஓடும், எதற்கும் அசராத நாய் என்றால் ஃபிளாஷ் தரும் கூர்மையை எந்த எல்இடியும் தராது.

போனா, கேமராவா?

பலரும் எதிர்பார்க்காத ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. நல்ல போன் ஒன்றின் முதன்மைக் கேமராவைவிட ஏபிஎஸ்-சி கேமராவின் (பல டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் வரும் சென்சார் அளவு) ஒளி பிடிக்கும் சென்சார் சுமார் ஐந்து மடங்கு பெரியது. ஆனால் எஃப் 5.6 துளை, எஃப் 1.8 துளையைவிடப் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். இரண்டையும் சேர்த்தால், கேமராவோடு வரும் அந்த 18–55 கிட் லென்ஸை ஜூம் செய்து வைத்த டிஎஸ்எல்ஆர், போன் பிடிக்கும் ஒளியில் பாதியைத்தான் பிடிக்கிறது. "கேமரா வாங்கியும் போன் மாதிரிகூட வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். பழைய கேமரா வாங்கினால் கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் வாங்குங்கள். அது வாங்கப் பணம் இல்லையென்றால் கேமராவே வாங்காமல் போனோடு இருப்பது நல்லது.

அந்த லென்ஸை முழுசாகத் திறந்து வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஏபிஎஸ்-சி கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். பக் நாய்க்கு அது போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள மூஞ்சி நாய்களுக்குக் கண்ணிலிருந்து மூக்கு நுனி வரையே அதற்கு மேல். கண் கூர்மையாக வந்தால் மூக்கு பஞ்சாகிவிடும். எஃப் 2.8 வைத்தால் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல், எஃப் 4 வைத்தால் பதின்மூன்றுக்கு மேல். நீள மூஞ்சியை நேருக்கு நேர் எடுக்க எஃப் 4; பக்கவாட்டில் எடுத்தால் எஃப் 1.8 தாராளம். எப்படியானாலும் ஃபோகஸ் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில். 2019-க்குப் பிறகு வந்த பல மிரர்லெஸ் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தானாகவே பிடிக்கும். கருப்பு முகத்தில் கருப்புக் கண், மங்கல் வெளிச்சம் என்றால் அதுவும் தடுமாறி மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள்.

போனில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நாய் மூக்கால் தொட்ட ஈரமும் விரல் எண்ணெயும் சேர்ந்து ஜன்னல் ஒளியில் படம் முழுக்கப் பனி மூட்டிவிடும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது ஒரு விநாடிக்கும் மேலாகப் பல படங்களைச் சேர்த்து ஒட்டுகிறது, அதற்குள் நாய் காதை ஆட்டினால் இரண்டு காது மூன்றாகும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு மீசை முடிகளையும் காதோர ரோமத்தையும் வெட்டிவிடும். நாய்க்கு அருகில் போய் எடுத்தால் மூக்கு பூதாகரமாகும், அதனால் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து 2 எக்ஸ் வையுங்கள். 3 எக்ஸ், 5 எக்ஸ் லென்ஸ்களின் துளை சிறியது. வீட்டுக்குள் அவற்றை விட்டுவிடலாம். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு அருகில் வரும், நாயின் கண்மட்டம் கிடைக்கும். இந்த ஒரு மாற்றம் படத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை எடுத்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

ஒவ்வொன்றாக அமுக்காமல் தொடர்ச்சியாக எடுங்கள். ஐபோனில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் வரிசையாக எடுக்கும். 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுப்பது மாற்று வழி. கிடைப்பது எட்டு மெகாபிக்சல். ஆறுக்கு எட்டு அங்குல அச்சுக்குப் போதும். ஆனால் வீடியோவின் ஷட்டர் பெரும்பாலும் மெதுவாகவே இருக்கும் என்பதால் அசைவு கலங்கும். ஜன்னல் ஒளியில் மட்டும் முயலுங்கள்.

கருப்பு நாய், வெள்ளை நாய் விஷயம் போனுக்கும் கேமராவுக்கும் பொது. படத்தை நாயே நிறைத்திருந்தால் கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருப்பு நாய்க்கு எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) -0.7 இறக்குங்கள், வெள்ளை நாய்க்கு +0.7 ஏற்றுங்கள். கருப்பு நாய் படத்தில் சிறிதாக இருந்து பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் கணக்கு தலைகீழ். சுவரைப் பார்த்துக் கேமரா இருட்டாக்கிவிடும், அப்போது ஏற்ற வேண்டும்.

கீச்சென்று ஒலிக்கும் பொம்மை முதல் இரண்டு மூன்று தடவைதான் காதை நிமிர்த்தும், அதை வீணாக்காதீர்கள். ஃபோகஸ் தயாரான பிறகு அமுக்குங்கள். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, வெள்ளை விழி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, எல்லாம் "போதும்" என்று நாய் சொல்வது. அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

எடிட்டிங் எதில்?

போனோடு வரும் எடிட்டர் வெட்டுவதற்கும் மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் சரி. கண்ணை மட்டும், மூக்கை மட்டும் என்று தொடப் பெரும்பாலும் வழியிருக்காது. அங்கேதான் ஸ்னாப்சீட் வருகிறது: இலவசம், விளம்பரம் இல்லை. செலக்டிவ் கருவியில் கண்ணின் மேல் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, பிரைட்னஸ் +15. அதற்கு மேல் போனால் கண் பல்பு மாதிரி எரியும். ஃபிளாஷில் பச்சையான கண்ணுக்கு பிரஷ் கருவியில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) -10 வைத்துத் தேய்த்து, பிறகு எக்ஸ்போஷரைக் குறைக்கலாம்.

புள்ளி நிறைந்த இருட்டுப் படங்களுக்கும் ரா கோப்புகளுக்கும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படங்கள்) லைட்ரூம் தெளிவாக முன்னே நிற்கிறது. மொபைலில் அடிப்படைக் கருவிகள் இலவசம். நாயை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க், ஹீலிங் போன்றவை சந்தாவில். கணினி லைட்ரூம் கிளாசிக்கில் சிவப்புக்கண் கருவிக்குள்ளேயே 'பெட் ஐ' என்று தனியாக இருக்கிறது, பச்சைக் கண்ணுக்கு அதுதான். மாதச் சந்தா வேண்டாம், கணினி இருக்கிறது என்றால் டார்க்டேபிள் இலவசம். கற்றுக்கொள்ள ஒரு வாரம் பொறுமை வேண்டும்.

எதில் செய்தாலும் வரிசை முக்கியம். முதலில் வெள்ளைச் சமநிலை: நாயின் வெள்ளை ரோமத்திலோ படத்தில் இருக்கும் வெள்ளைத் தாளிலோ தொட்டுச் சரிசெய்யுங்கள், சுவரை நம்பாதீர்கள். பிறகு எக்ஸ்போஷர். கருப்பு நாய்க்கு ஷேடோஸ் +30 முதல் +40, உடனே பிளாக்ஸ் -10. ஷேடோஸை மட்டும் தூக்கினால் கருப்பு செத்துச் சாம்பலாகும், இன்னும் தூக்கினால் ரோமத்துக்குள் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுகள் கிளம்பும். அது வந்தால் நிறத் திட்டுகளை நீக்கும் கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டுங்கள். சாதாரண நாய்ஸ் ரிடக்‌ஷன் 25-ஐத் தாண்டாமல் இருக்கட்டும், தாண்டினால் ரோமம் மெழுகாகும். ஷார்ப்னிங் எப்போதும் அதற்குப் பிறகு, அதுவும் மாஸ்க் போட்டுக் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும். ரோமத்துக்கு கிளாரிட்டியைத் தொடாமல் டெக்ஸ்சர் +15 வையுங்கள். கிளாரிட்டி நாயை நனைந்ததுபோல் காட்டும். கழுத்துக் கயிற்றை ஏஐ அழிப்பான் சுத்தமாக எடுத்துவிடும். முகத்தைக் கூர்மையாக்குகிற ஏஐ கருவிகள் இல்லாத ரோமத்தை வரைந்து வைக்கும், வளர்ப்பவர் கண்ணுக்கு அது வேறு நாயாகத் தெரியும். வயதான நாயின் விழியில் படரும் நீலச் சாயலையும் துடைக்காதீர்கள். அது அந்த நாயின் முகம்.

செலவுக் கணக்கு

பகலில் நேரம் இருக்கிறது, போன் நான்கைந்து வருடத்துக்குள் வாங்கியது என்றால்: ஜன்னல், வேட்டி, தெர்மாகோல், ஸ்னாப்சீட். செலவு இருநூறு ரூபாய்க்குள். இதில் முப்பது நாள் எடுத்துப் பார்க்காமல் வேறு எதையும் வாங்க வேண்டாம். ராத்திரி மட்டும்தான் முடியும், நாய் அமைதியானது என்றால் போனோடு 60 வாட் விளக்கு. ஓடும் நாய், ராத்திரி நேரம், அச்சுப் போட்டு மாட்ட ஆசை என்றால் செகண்ட் ஹேண்ட் கேமரா, 50 எஃப் 1.8, தலை திருப்பும் ஃபிளாஷ். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பாதி வேலைதான் செய்யும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது முதலில் நாலுக்கு ஆறில் ஒரே ஒரு பிரதி எடுங்கள். போன் திரை தானே ஒளிவிடுவது, தாள் அப்படியில்லை. கருப்பு நாய் தாளில் இன்னும் ஒரு படி இருண்டுதான் வரும். எக்ஸ்போஷரை +0.3 கூட்டிய பிரதியைக் கொடுத்து, "ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க" என்று லேபில் சொல்லிவிடுங்கள். போட்டால் கேமரா செய்த அதே தவறை அந்த மெஷினும் செய்து, கருப்பு நாயைச் சாம்பலாக்கித் தரும்.